கோழிப்பேன் புறாவில் தங்காது

தொப்பம்பட்டிப் பக்கம் இருந்த கோழிப்பண்ணையை விட்டு ஒரு மைல் நடந்திருப்பேன். சட்டைக்குள் ஏதோ ஊர்ந்தது. நின்று காலரைத் திருப்பிப் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் ஒரு கோழிப்பேன். தட்டிவிட்டு மறுபடியும் நடந்தேன். வேலை போய்விட்டது, பேன் மட்டும் கூடவே வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் ரொம்ப தூரம் வராது என்பது எனக்குத் தெரியும்.

பதினோரு மாதம் அந்தப் பண்ணையில் இருந்தேன். தினமும் கோழிப்பேன் மேலே ஏறும். கழுத்தில் ஓடும், அக்குளில் ஓடும். சாயங்காலம் தொட்டித் தண்ணீரை நாலு வாளி ஊற்றினால் போய்விடும். ஊற்றாமல் படுத்தாலும் மறுநாள் பாயில் செத்துக் கிடக்கும். ஒன்றுகூட என் மேல் குடும்பம் நடத்தியதில்லை. அது தேடுவது இறகு. என்னிடம் இறகு இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு கிணறு தூர் வாரியிருக்கிறேன், லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன், கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுத்திருக்கிறேன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. பண்ணையில் எனக்குக் கொடுத்தது மூக்கு வெட்டும் வேலை. பேச்சில்தான் மூக்கு, வெட்டுவது அலகின் நுனியை. கூண்டில் நெருக்கி அடைத்த கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கொல்லும். அதனால் குஞ்சாக இருக்கும்போதே, சிவக்கக் காய்ந்த தகட்டில் அலகை வைத்து நுனியைத் தீய்த்து எடுத்துவிடுவோம். ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணமாட்டேன். கை மரத்துப்போனால் நிறுத்துவேன். காலடியில் கடுகு கொட்டிய மாதிரி அலகு நுனிகள் கிடக்கும்.

ஒரு சமயம் பேன் ரொம்பப் பெருகி, கால்நடை டாக்டரம்மா ஒருவர் வந்தார். ஒரு கோழியைத் தூக்கி வாலடி இறகை ஊதி விலக்கிக் காட்டினார். இறகின் அடியில் முட்டைகள் உப்புக்கல் மாதிரி அப்பிக் கிடந்தன.

"இது எங்கிருந்தோ பறந்து வர்ற பூச்சி இல்லைங்க. தாய்கிட்ட இருந்து குஞ்சுக்கு, ஒரு கோழிகிட்ட இருந்து பக்கத்துக் கோழிக்கு, இப்படித்தான் வரும். ஆதிகாலத்துல கோழி வம்சம் ஒரு பக்கம், புறா வம்சம் ஒரு பக்கம்னு பிரிஞ்சப்ப அதுக மேல இருந்த பேனும் பிரிஞ்சிருச்சு. இன்னைக்கு அந்தந்தப் பறவைக்கு அந்தந்தப் பேன்" என்றார்.

"அம்புட்டுக் காலமும் பறவை சும்மாவா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். மரத்தடியில் மேய்ந்த நாட்டுக்கோழி ஒன்றைக் காட்டினார். "சும்மா இருக்குமா? மேல் அலகு, கீழ் அலகைத் தாண்டிக் கொஞ்சம் வளைஞ்சு நிக்குது பாருங்க. கோதும்போது அந்த வளைவுலதான் பேனை நசுக்கும். பேன் பொழைக்கணும்னா அதுக்குத் தப்பணும். தப்புறது ஒல்லியாச்சு, ஓடுறது வேகமாச்சு. அதுக்கு ஏத்த மாதிரி அலகும் மாறுச்சு. ரெண்டும் ஒண்ணையொண்ணு செஞ்சுக்கிட்டே வந்திருக்கு."

எனக்கு உடனே காலடிக் குப்பை ஞாபகம் வந்தது. அந்த வளைவைத்தான் நான் நாள் முழுக்க வெட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாள் பொறுத்து, சூப்பர்வைசரிடம் சொன்னேன். மூக்கை வெட்டுவதால்தான் பேன் பெருகுகிறது, அந்த வளைவையாவது கொஞ்சம் விட்டு வெட்டிப் பார்க்கலாம் என்றேன். அவர் சிரித்தார்.

"ஏனுங்க, நீங்க எந்தக் காலேஜுங்க?"

மறுநாளும் சொன்னேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "டாக்டருக்கு இங்க வேலை இல்லீங்க. போயிட்டு வாங்க" என்று என் பையை அவரே எடுத்துக் கேட்டுக்கு வெளியே வைத்தார். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். பழனி போய், அங்கிருந்து திண்டுக்கல் பஸ் ஏறினேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பேகம்பூர் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தேன். டிரைவர் என் வயசுக்காரர். அவர் காலடியில் ஒரு மூங்கில் கூடை. உள்ளே நாலு புறா. பண்ணைப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. ஒன்றின் சிறகை விரிக்கப் போனேன்.

"கை வைக்காதண்ணே. ஏற்கெனவே கோவமா இருக்குதுக."

"எதுக்குக் கோவம்?"

"நேத்து இதுகளை வேடசந்தூர்ல ஒரு சிநேகிதருக்குக் குடுத்தேன். டீ சாப்பிட்டு வீட்டுக்கு வாரேன், எனக்கு முந்தி வந்து கூண்டுல உக்காந்திருக்கு. இன்னைக்கு வடமதுரை பக்கம் இன்னொருத்தருக்குக் குடுத்தேன். நீ பாக்குற இந்த நாலும் அங்கேருந்து கூண்டுக்குத் திரும்பி வந்ததுதான். மறுபடியும் கூடையில போட்டு ஆள் தேடிட்டு இருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவை பந்தயப் புறாக்கள். வளர்ந்த கூண்டைத் தவிர வேறு எங்கும் தங்காது. நாற்பது புறா வைத்திருந்தார். வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் காலி பண்ணச் சொல்லியிருந்தார். விற்றாலும் திரும்பி வரும், சும்மா கொடுத்தாலும் திரும்பி வரும். திரும்பி வராமல் இருக்க ஒரே வழி கறிக்கடை. அன்றைக்குத் திங்கள்கிழமை.

"எதுக்குக் காலி பண்ணச் சொல்றாரு?"

"மாடியில பக்கத்துப் போர்ஷன் அக்கா கோழி வளக்குது. கோழிக்கெல்லாம் பேனு. என் புறாகிட்ட இருந்துதான் வந்துச்சாம்."

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை.

"கோழிப்பேனா? ஒரு தடவை காட்டுங்க பாய்" என்றேன்.

அது பேகம்பூரில் ஒரு பழைய மாடிக் கட்டடம். மொட்டைமாடியை ஒட்டி இரண்டு போர்ஷன். ஒரு மூலையில் புறாக்கூண்டு, எதிர் மூலையில் கம்பிவலை போட்ட கோழிக்கூடு. அந்த அக்கா இட்லி மாவும் முட்டையும் விற்பவர். உரத்த குரல், இடுப்பில் சொருகிய முந்தானை, கையில் மாவு. கோழிகள் பதிமூன்று. பன்னிரண்டு வெள்ளை, ஒன்று சாம்பல் நிற நாட்டுக்கோழி. வெள்ளைக்கோழி ஒன்றைப் பிடித்து வாலடியை ஊதினேன். அதே உப்புக்கல், அதே மஞ்சள் கூட்டம் திசைக்கொன்றாக ஓடியது. பிறகு அதன் அலகைப் பார்த்தேன். நுனி மொட்டையாக இருந்தது. முட்டை குறைந்ததும் பண்ணையில் கழித்த கோழி. வேனில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி விற்பார்களே, அதில் வாங்கியது. நகரத்தில் நிறையப் பேர் செய்யும் தப்பு அது. கோழி மலிவு என்று பார்ப்பார்கள், அலகைப் பார்க்கமாட்டார்கள்.

"அக்கா, இது கோழிப்பேன். புறாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

"ஏய்யா, நீ யாரு? ஊருல இல்லாத டாக்டரைப் புடிச்சாந்திருக்காரா பாய்?"

ஒரே நாளில் இரண்டாவது முறை எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது.

"பறக்குறது புறா. என் கோழி இந்த மாடியை விட்டு இறங்குனதே இல்லை. ஊரெல்லாம் சுத்திட்டு வந்து எது உதறுதோ அதுதான கொண்டாந்திருக்கும்? முட்டை வாங்க வர்றவுக கையில பேன் ஏறுதுன்னு நாலு வீடு நின்னு போச்சு. நான் யார்கிட்டப் போயி அழுவேன்?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் பேச்சை விட்டுவிட்டு ஒரு வழி சொன்னேன். ஒரு புறாவை எடுப்போம். அக்காவின் கோழியிலிருந்து பேனை எடுத்து, அவர் கண்ணெதிரே அதன் மேல் விடுவோம். அந்தப் புறா வெள்ளிக்கிழமை வரைக்கும் தனியாக, அக்கா வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அன்றைக்கு அதன் மேல் கோழிப்பேன் உயிரோடு இருந்தால், நாற்பது புறாவையும் நானே கறிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

டிரைவர் என்னை ஓரமாக இழுத்தார். "அண்ணே, உனக்கு நல்லாத் தெரியுமா?"

"என் மேலயே பதினோரு மாசம் தங்கலை, பாய்."

"நீ புறா இல்லையேண்ணே!"

அது உண்மைதான். புறாவின் மேல் பேனை விட்டு நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. அந்த டாக்டரம்மா சொன்ன வார்த்தையும், என் தோலும்தான் எனக்குச் சாட்சி.

ஆனாலும் டிரைவர் கூண்டுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். நீலம் கலந்த சாம்பல் நிறம், கழுத்தில் பச்சை மினுக்கம். அவரிடம் இருந்ததிலேயே நல்ல புறா. போன வருஷப் பந்தயத்தில் பழனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலாவதாக வந்தது. "வேற புறா குடுத்தா, நோஞ்சானைக் குடுத்தேன்னு அக்கா சொல்லும்" என்றார்.

கோழி இறகை வைத்து முப்பது பேனை ஒவ்வொன்றாக எடுத்துப் புறாவின் மேல் விட்டேன். அக்கா உரக்க எண்ணினார். கூடையை மூடி, மாவு மூட்டை கட்டும் சணலால் அவரே முடிச்சுப் போட்டார். பார்த்தால் அவிழ்க்கவே முடியாத முடிச்சு. கூடை அவர் சமையலறை ஜன்னலுக்குப் போனது. கூடைச் சந்து வழியாகச் சோளம் போடச் சொன்னோம்.

அந்த நாலு நாளும் நான் மொட்டைமாடியில் கூண்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். பகலில் வேறு வேலை இல்லை. மற்றப் புறாக்களை எடுத்துச் சிறகை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். சில சிறகுகளில் ஒன்றிரண்டு பேன் இருந்தது. ஆனால் அது வேறு ஆள். உடைந்த முடித்துண்டு மாதிரி நீளம், ஒல்லி. இறகின் இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் நூல் கோத்த மாதிரி படுத்திருக்கும். அந்தச் சந்தின் அகலமும் அதன் உடம்பின் அகலமும் ஒன்றேதான். அலகு மேலே போகும்போது அது உள்ளே பதுங்கிக்கொள்ளும். கொழுத்த பேன் அங்கே நுழைய முடியாது, நுழையாவிட்டால் அலகில் மாட்டும். எத்தனை லட்சம் புறா எத்தனை லட்சம் தரம் கோதியிருந்தால் ஒரு பூச்சி இந்த அளவுக்கு இளைத்திருக்கும் என்று யோசித்தேன். இதில் யார் யாரை வளர்த்தது என்று சொல்ல முடியவில்லை. ஒரு புறாவைப் பிடித்து அலகின் நுனியை விரலால் தடவிப் பார்த்தேன். நகத்தின் ஓரம் மாதிரி ஒரு சின்ன வளைவு. இவ்வளவுதான். இதைத்தான் தகட்டில் வைத்துத் தீய்த்தேன்.

புதன்கிழமை காலை அக்கா ஜன்னலில் இருந்து கத்தினார். "ஏய்யா டாக்டரு! இன்னும் ரெண்டு மஞ்சளா ஓடுதுய்யா!"

டிரைவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் சாப்பாட்டுக்கும் வரவில்லை. சாயங்காலம் வந்தவர், கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை, திட்டவில்லை.

வியாழக்கிழமை ஜன்னலில் சத்தம் இல்லை. நானாகப் போய்க் கேட்டேன்.

"என்னக்கா, ஓடுதா?"

"தெரியலை. கண்ணு சரியில்லை" என்றார். கூடைக்குள் பார்த்தேன். சோளத்தோடு வறுத்த நிலக்கடலை கிடந்தது.

"சோளம்தானக்கா போடச் சொன்னோம்?"

"பாவம், அதுவும் ஒரு உசுருதான? உன் வேலையைப் பாத்துட்டுப் போ."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து டிரைவர் வந்தார். நாகல் நகரிலிருந்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். கீழ்வீட்டுக்காரர்கள் மாடியேறினார்கள். பக்கத்து மாடிகளிலும் ஆட்கள். நடுவில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தோம். அக்கா தன் முடிச்சைத் தானே அவிழ்க்க முடியாமல் கடைசியில் கத்தரிக்கோல் எடுத்து வந்தார்.

புறாவை வேட்டிக்கு மேலே பிடித்து ஊதினேன். மார்பு, முதுகு, வாலடி, கழுத்து. வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மஞ்சள் எதுவும் இல்லை. ஒரு முட்டை இல்லை. பிறகு சிறகை விரித்தேன்.

"இந்தா இருக்கு!" என்று கீழ்வீட்டுக்காரர் ஒருவர் கூவினார். "பேனு! ரெண்டு பேனு!"

டிரைவர் முகம் செத்துவிட்டது. "உங்க போனைக் குடுங்க" என்று வீட்டுக்காரரிடம் வாங்கி, சிறகைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். விரலால் பெரிதாக்கினேன். இழைச்சந்தில் படுத்திருந்தது அந்த முடித்துண்டு. அடுத்து வெள்ளைக்கோழியைத் தூக்கி வாலடியைப் படம் எடுத்தேன். அகலமாக, மஞ்சளாக, கால் பரப்பிக்கொண்டு ஒரு பெருங்கூட்டம். போனை அக்கா கையில் கொடுத்தேன். அவர் விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"அது வேற, இது வேறதான்" என்றார். "கழுதையும் பல்லியும் மாதிரி இருக்கு."

"நீங்க எண்ணி விட்டது முப்பது. ஒண்ணு இருக்காக்கா?"

"இல்லை."

"உங்க வீட்டுக்குள்ளதான இருந்துச்சு?"

"என் ஜன்னல்லதான்யா இருந்துச்சு. இம்புட்டு நாளும் கோதிக்கிட்டே கிடந்துச்சு. நான் பாத்தேன்." குரல் இறங்கியிருந்தது.

வீட்டுக்காரர் விடவில்லை. "அப்போ கோழிக்கு எங்கேருந்து வந்தது?"

அந்தச் சாம்பல் நாட்டுக்கோழியைப் பிடித்து வந்தேன். பன்னிரண்டு வெள்ளையோடு அதே கூட்டில், அதே கம்பில் அடைந்தது. வாலடியை ஊதினேன். எல்லோரும் குனிந்தார்கள். தேடித் தேடி ஒரு பேன் கிடைத்தது.

"இதுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்றார் அக்கா.

நாட்டுக்கோழியின் தலையையும் வெள்ளைக்கோழியின் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒன்றுக்கு வளைந்த நுனி, ஒன்றுக்கு மொட்டை.

"வெள்ளைக்கு ஆயுதம் இல்லைக்கா. பண்ணையில வெட்டிட்டாங்க. வரும்போதே பேனோட வந்திருக்கும். வெட்டுனது என்னை மாதிரி ஒருத்தன். இந்தத் திங்கக்கிழமை வரைக்கும் அதுதான் எனக்கு வேலை."

எனக்கு அதைச் சொல்ல வெட்கமாக இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

பிறகு அக்காவுக்கு வந்த கோபம் முழுக்க வேன்காரன் மேல் திரும்பியது. "அடேய், நல்ல கோழின்னு மைக்கு வச்சு சொன்னானேடா! அடுத்த தடவை இந்தத் தெருவுக்குள்ள வரட்டும், அவன் மூக்கை நான் வெட்டுறேன்!" பக்கத்து மாடியெல்லாம் சிரித்தது. டிரைவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "சரி, சரி. கூண்டை மட்டும் சுத்தமா வச்சுக்கோங்க" என்றார். அவருக்கும் ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டுமே.

"புறாவைக் குடு" என்று அக்கா கை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கி, மாடி விளிம்புக்குப் போய், மேலே வீசினார். கூண்டு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அந்தப் புறா அதற்கு நேராகப் போகவில்லை. தெருவைத் தாண்டி, பள்ளிவாசல் மினாருக்கு மேலே ஏறி, மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய வட்டம் அடித்தது. வெயிலில் திரும்பும்போதெல்லாம் வெள்ளியாக மின்னியது. டிரைவர் விசில் அடித்தார். பக்கத்து மாடிகளிலும் விசில் எழுந்தது. மூன்று வட்டம். பிறகு சிறகை மடக்கி விழுகிற மாதிரி இறங்கி, கூண்டின் பலகையில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி கோத ஆரம்பித்தது.

அன்றைக்குச் சாயங்காலமே, பழைய தொட்டி ஒன்றில் சலித்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் வேப்பிலைத் தூளும் கலந்து கோழிக்கூட்டுக்குள் வைத்தேன். வெள்ளைக்கோழிகள் மண்ணையே பார்த்ததில்லை. சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. நாட்டுக்கோழி இறங்கிப் புரண்டது. ஒரு வெள்ளை ஒரு காலை உள்ளே வைத்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, சிறகடித்து, மாடியெல்லாம் புழுதி பறந்தது. "சிமெண்டுல வளத்து வச்சிருந்தேனே" என்று அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். மொட்டை அலகுக்கு மண் ஒரு உதவி, புழுதியில் புரண்டால் பேன் உதிரும். வளைவு இருந்திருந்தால் இன்னும் நல்லது.

இருட்டுவதற்கு முன்னால் நான் பையைக் கட்டினேன். டிரைவர் பார்த்துவிட்டார்.

"எங்கண்ணே?"

"போறேன் பாய். ஒரு இடத்துல இருந்து பழக்கமில்லை."

"அதான் வேணும் எனக்கு" என்றார். "புறாவைத் தூரமா கொண்டுபோய்த் தொறந்து விட ஆள் இல்லை. காலையில எனக்கு ஸ்கூல் ட்ரிப். நீ தினம் ஒரு திசைக்குப் போ. எங்க வேணாலும் போ. கூடையைத் தொற. அதுக வீட்டுக்கு வரும். நீ மெதுவா வா."

என் வாழ்நாளில் எனக்கென்றே அளவெடுத்த மாதிரி வந்த வேலை அது ஒன்றுதான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். மடியில் கூடை, உள்ளே அந்த நீலத்தோடு சேர்த்து எட்டுப் புறா. எந்தத் திசை என்று நான் யோசிக்கவே இல்லை. பழனியில் பஸ் மாறினேன். தொப்பம்பட்டிக்கு முன்னால் இறங்கி, மக்காச்சோளத்துக்கும் தென்னைக்கும் நடுவே அந்த ஒரு மைலையும் திரும்பி நடந்தேன். பண்ணை கேட்டுக்கு எதிரே கூடையை இறக்கி வைத்தேன். சூப்பர்வைசர் பல்குச்சியோடு வெளியே வந்தார்.

"ஏனுங்க, மறுபடியும் வேலை கேட்டு வந்தீங்களா?"

"இல்லீங்க. வேலையிலதான் இருக்கேன்."

மூடியைத் திறந்தேன். எட்டும் ஒரே அடியாகக் கிளம்பின. பண்ணைக் கூரைக்கு மேலே ஒரு வட்டம் அடித்துக் கிழக்கே திரும்பின. சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் காலிக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பழனியில் திண்டுக்கல் பஸ்ஸுக்காக நிற்கும்போது என் பழைய பட்டன் போன் அடித்தது. டிரைவர் நம்பர். பேசியது அக்கா.

"ஏய்யா டாக்டரு, நீலம் வந்துருச்சு. முதல்ல அதுதான். என் ஜன்னல்ல வந்து நிக்குது, கடலை குடுத்தாத்தான் கூண்டுக்குப் போவேங்குது. நீ எங்க இருக்க?"